குடகனாற்றுக் கலங்கலும் கடலின் பசியும்

(திண்டுக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



மலைக்கோட்டை நிழலில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் என்ன உறவு? பூட்டைப் பற்றிப் பேசுங்கள், பூவைப் பற்றிப் பேசுங்கள், சிறுமலை வாழைப்பழத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று உள்ளே வரும்போதே ஒரு நண்பர் அன்போடு சொன்னார். உண்மைதான். இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். ஆனால் இந்த ஊரில் பெய்யும் ஒவ்வொரு மழைக்கும் கடலுக்கு வழி தெரியும். அந்த வழியைத்தான் இன்று உங்களோடு நடந்து பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சிறு வேலை. இந்த மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருக்கின்றன. இரண்டிலும் இருப்பது இன்று காலை நம்மூர்க் குளத்தில் மொண்ட தண்ணீர். நேற்றைய மழையில் வந்த செம்மண் கலங்கல். பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுகிறேன், பாருங்கள், டீயைப்போல இருக்கிறது. இதோ, வலதுபக்கத் தம்ளரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குகிறேன். இடதுபக்கத் தம்ளரையும் அதே அளவு கலக்குகிறேன், ஆனால் உப்பில்லாமல். இரண்டும் அப்படியே இருக்கட்டும். நாம் பேசிக்கொண்டிருப்போம்.

திண்டுக்கல் மண்ணில் விழும் மழை இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடுகிறது. தாண்டிக்குடி மலைச்சரிவிலும் சிறுமலையிலும் இறங்கும் தண்ணீர் குடகனாறாகவும் சந்தானவர்த்தினியாகவும் ஓடி, வேடசந்தூர் வழியாக வடக்கே போய், கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலந்து, அமராவதியோடு காவிரியில் சேர்கிறது. வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்து மழை மஞ்சளாறு, மருதாநதி என்று இறங்கி வைகையில் சேர்கிறது. காவிரி போவது வங்கக் கடலுக்கு. வைகை போவது பாக் விரிகுடாவுக்கு. ஒரே ஊரின் மழை, இரண்டு கடல் வாசல்! இப்படிப்பட்ட ஊரைக் கடலோடு உறவில்லாத ஊர் என்று சொல்லலாமா?

சரி, அந்தத் தண்ணீர் கடலுக்கு எதைக் கொண்டுபோகிறது? இரண்டு பொருள்களை. ஒன்று, கண்ணுக்குத் தெரிவது: நீரில் மிதந்து வரும் மண், களி, சருகுத்தூள். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது: நீரில் கரைந்து வரும் சத்து. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் என்ற மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதல் இரண்டும் உழவர்களுக்குப் புதிதல்ல. யூரியா மூட்டையிலும் டி.ஏ.பி. மூட்டையிலும் இருக்கும் சத்தின் உறவுக்காரர்கள்தான். மூன்றாவது, மணலும் பாறையும் கரைந்து வரும் சத்து.

கடலுக்கு எதற்கு உரம் என்று கேட்கிறீர்களா? கடலிலும் பயிர் இருக்கிறது. நெல்லைப்போல, சோளத்தைப்போலக் கண்ணுக்குத் தெரியாது. ஊசிமுனையில் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும் நுண்பாசிகள். அவற்றைத் தின்று நுண்ணுயிர் வாழ்கிறது. நுண்ணுயிரைத் தின்று சிறுமீன் வாழ்கிறது. சிறுமீனைத் தின்று சீலா வாழ்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம்மூர் மீன் மார்க்கெட்டில் ஐஸ்மேல் பளபளக்கும் மத்தியும் சீலாவும் இந்தப் பயிரின் விளைச்சலன்றி வேறென்ன?

இப்போது ஒரு வியப்பைச் சொல்கிறேன். வெப்பமண்டலக் கடலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீலமென்றால் நீலம், அப்படியொரு நீலம். அந்த நீலம் செழிப்பின் நிறமா? இல்லை. வறட்சியின் நிறம். பயிர் நிறைந்த கடல் பச்சையாக இருக்கும். பயிரில்லாத கடல்தான் நீலமாக இருக்கும்.

ஏன் இந்த வறட்சி? வாளித் தண்ணீரின் மேல்பாகத்தில் ஹீட்டர் கம்பியைத் தொங்கவிட்டால் என்ன ஆகிறது? மேலே கை வைக்க முடியாது, அடியில் சில்லென்று இருக்கும். கையை விட்டுக் கலக்கினால்தான் இரண்டும் சேரும். நம் கடலும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் சூரியன் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசானது, மேலேயே கிடக்கும். குளிர்ந்த நீர் கனமானது, கீழேயே கிடக்கும். சத்து எங்கே இருக்கிறது? கீழே, இருட்டில். வெளிச்சம் எங்கே இருக்கிறது? மேலே, ஏறத்தாழ நூறு மீட்டர் வரை. சோறு அடுக்களையில், பிள்ளை திண்ணையில், நடுவே பூட்டிய கதவு!

கணக்காகவே சொல்கிறேன். நடுக்கடலின் மேல்நீர் ஒரு லிட்டர் எடுத்தால், அதில் இருக்கும் நைட்ரேட் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குகூட இராது. அதே இடத்தில் 1,000 மீட்டர் ஆழத்து நீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்கும். இதோடு இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். நாம் குடிக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் அனுமதிக்கிறது. நாம் குடிநீரில் பொருட்படுத்தாமல் விடும் அளவு, கடற்பாசிக்குக் கல்யாண விருந்து. இந்த ஒப்பீட்டை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

பூட்டிய கதவு சில இடங்களில் திறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையோரம் மேல்நீரைக் காற்று விலக்கித் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் சத்தோடு மேலெழுகிறது. கேரளத்து மத்தியின் செழிப்புக்கு அதுவே அடித்தளம். ஆனால் நம் வங்கக் கடலில் கதவுக்கு இரட்டைப் பூட்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று இத்தனை ஆறுகள் வந்து விழும் கடல் அது. அந்த நன்னீர் இலேசானது. அது கடல்மேல் போர்வையாகப் படர்ந்துகொள்கிறது. சூடு ஒரு மூடி, நன்னீர் இன்னொரு மூடி. அதனால்தான் அரபிக் கடலோடு ஒப்பிட்டால் வங்கக் கடல் விளைச்சல் குறைந்த கடல்.

அப்படியானால், கீழிருந்து வராத உணவு கரையோரக் கடலுக்கு எங்கிருந்து வரும்? பக்கவாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆற்று வாயிலிருந்து. காவிரி வாயிலிருந்து, வைகை வாயிலிருந்து, அவற்றின் வழியே நம் குடகனாற்றிலிருந்து, மஞ்சளாற்றிலிருந்து!

இனி இந்தத் தம்ளர்களைப் பாருங்கள். முன்வரிசையில் இருக்கும் அந்தத் தங்கச்சி எழுந்து வந்து அவைக்குச் சொல்லட்டும். என்ன தெரிகிறது? இடதுபக்கம் இன்னும் டீ மாதிரிதான் இருக்கிறதா? வலதுபக்கம்? மேலே தெளிய ஆரம்பித்துவிட்டது. அடியில் செம்மண் தங்குகிறது. நன்றி, உட்காரம்மா.

இதில் மாயம் ஒன்றுமில்லை. களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதப்பவை. உப்பு சேர்ந்ததும் அந்தத் தள்ளுதல் அடங்கி, ஒட்டிக்கொண்டு, திரளாகி, கனமாகி இறங்குகின்றன. நம் பாட்டிமார் கலங்கல் தண்ணீர்ப் பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டு வைப்பார்களே, காலையில் தண்ணீர் பளிங்காக இருக்குமே, துகளைத் துகளோடு சேர்த்துத் திரளவைக்கும் அதே வேலைதான் இதுவும். ஆறு கடலைத் தொடும் இடத்தில், ஒவ்வொரு வெள்ளத்திலும் இதுதான் நடக்கிறது. பூம்புகாரிலும், கொள்ளிடத்தின் வாயிலுள்ள பழையாற்றிலும், வைகையின் வாயிலுள்ள ஆற்றங்கரை என்னும் ஊரிலும் இந்தத் தம்ளர்தான், மைல்கணக்கில் அகலமாக.

இறங்கும் களி வெறுங்கையோடு இறங்குவதில்லை. செத்த பாசி, மீன்கழிவு, நுண்ணுயிரின் ஓடு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இறங்குகிறது. 1987 முதல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து வங்கக் கடலின் ஆழத்தில் பெரிய புனல்களைக் கட்டித் தொங்கவிட்டன. புனலின் அடியில் குப்பிகள். குறித்த நாள் கணக்கில் ஒரு குப்பி விலகும், அடுத்த குப்பி வந்து நிற்கும். மாவு சலிக்கும்போது சல்லடைக்குக் கீழே தாம்பாளம் வைப்பதுபோல, மேலிருந்து உதிர்வதையெல்லாம் மாதக்கணக்கில் பிடித்துப் பார்த்தார்கள். என்ன தெரிந்தது? ஆறுகள் கரைபுரளும் பருவத்தில் உதிர்வதும் பெருகுகிறது. ஆற்று மண்தான் அந்த உயிர்க்கழிவுக்குக் கனம் கொடுத்து வேகமாக ஆழத்துக்கு இறக்குகிறது. காற்றிலிருந்து பாசி எடுத்த கரி அந்த மண்ணோடு சேர்ந்து அடியில் போய்த் தங்குகிறது. இந்த ஆய்வின் முடிவுகள் 1991-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. இமயத்து மண் இப்படி இறங்கி இறங்கி வங்கக் கடலின் அடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு விசிறியாகப் படிந்திருக்கிறது. உலகக் கடல்களில் அதைவிடப் பெரிய வண்டல் விசிறி கிடையாது.

மண் என்றால் அழுக்கு என்று நினைக்கிறோம். இந்த மாவட்டத்து உழவர் அப்படி நினைக்கமாட்டார். கோடையில் குளத்துக் கரம்பையை வண்டி வண்டியாக அள்ளி வயலில் போடுகிறவர் அவர். கரம்பை என்பது என்ன? வெள்ளத்தில் மிதந்து வந்து குளத்தில் இறங்கிய துகள்தான். வயலுக்குக் கரம்பை எப்படியோ, கடலுக்கு வண்டல் அப்படி.

ஆனால் எல்லா இடத்துக்கும் கலங்கல் நல்லதா? அதற்குப் பாம்பனுக்கு வாருங்கள். கல்லூரியில் படித்த காலத்தில் திண்டுக்கல்லிலிருந்து இரவு ரயிலேறி, விடியும்போது 1914-ல் கட்டிய அந்தப் பாலத்தின்மேல் போன நாளை நான் மறக்கமாட்டேன். வடக்குச் சன்னலில் ஒரு கடல், பச்சையும் பழுப்புமாக, அசைவில்லாமல். தெற்குச் சன்னலில் இன்னொரு கடல், நீலமாக, அலையோடு. ஒரு பெட்டிக்குள் இரண்டு சன்னல், இரண்டு கடல்! அந்த ஊர் மக்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். பெண்கடல் நம் வைகை போய்ச் சேரும் பாக் விரிகுடா. பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. காற்றடித்தால் அடிச்சேறு கிளம்பிவிடும். அந்தச் சேற்றில் வேரூன்றித்தான் கடற்புல் வளர்கிறது. புல் கலங்கலை வடிகட்டி அடியில் நிறுத்துகிறது. அந்தப் புல்லை மேய்வதுதான் கடற்பசு. கடற்கரைக்காரர்கள் ஆவுளியா என்பார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அந்த விலங்குக்காகவே பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் அப்படி ஒன்று அமைவது அதுவே முதல்முறை.

தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். சேறு மேலே படிந்தால் மூச்சு முட்டிவிடும். சத்து மிகுந்தால் பாசி ஏறி மூடிவிடும். ஆக, கடலுக்கு உணவு வேண்டும், அளவோடு வேண்டும், பருவத்தோடு வேண்டும், சரியான கலவையில் வேண்டும்.

அன்பர்களே, இப்போதுதான் நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். அந்தக் கலவையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

குடகனாற்றுக் களித்துகள் ஒன்று கடலுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் நிற்கும். தப்பித்தால் அழகாபுரி அணையில் நிற்கும். அதையும் தாண்டினால் மாயனூர்க் கதவணை, முக்கொம்பு, கல்லணை. காவிரியின் மேல்பகுதியிலிருந்து வரும் துகளையோ 1934 முதல் மேட்டூர் பிடித்து வைத்துக்கொள்கிறது. அணைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவை இல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் குடிக்கத் தண்ணீர் இராது. ஆனால் அணை எதை நிறுத்துகிறது, எதை விடுகிறது என்று பார்க்க வேண்டாமா? மிதந்து வரும் மண் நின்றுவிடுகிறது. சிலிக்கேட்டும் பெருமளவு அங்கேயே நின்றுவிடுகிறது. கரைந்து வரும் நைட்ரேட்டுக்கு எந்த மதகும் பூட்டல்ல. கண்ணுக்குத் தெரிவது தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாதது போய்க்கொண்டே இருக்கிறது.

அந்தக் கண்ணுக்குத் தெரியாதது எங்கிருந்து வருகிறது? வயலில் போடும் யூரியாவில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மீதி காற்றோடும் நீரோடும் போகிறது. நிலக்கோட்டை மல்லிக்குப் போட்டதும், ஒட்டன்சத்திரம் காய்க்குப் போட்டதும் அதில் உண்டு. அதோடு ஊர்ச் சாக்கடை. நான் முன்னே சொன்ன 45 மில்லிகிராமை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கேட் இல்லாவிட்டால் என்ன குறை? கடற்பாசிகளில் டயாட்டம் என்றொரு குலம். சிலிக்கேட்டைக் கொண்டு தனக்குக் கண்ணாடிப் பேழை கட்டிக்கொண்டு வாழும். மீன்குலத்துக்கு நல்ல தீவனம் அது. சிலிக்கேட் குறைந்து நைட்ரேட் மிகுந்தால் டயாட்டம் பின்வாங்கும், கண்ணாடி வீடு தேவைப்படாத வேறு பாசிகள் முன்னுக்கு வரும்.

எகிப்தில் நடந்ததைக் கேளுங்கள். நைல் நதியின் குறுக்கே அஸ்வான் பேரணை எழுந்து, 1960-களின் நடுவில் ஆண்டு வெள்ளம் நின்றது. வெள்ளத்தோடு கடலுக்குப் போன சத்தும் நின்றது. நைல் வாயின் மத்தி மீன்பிடி சில ஆண்டுகளிலேயே சரிந்து விழுந்தது. இருபதாண்டு கழித்து மீன்வளம் திரும்ப ஏறியது. எப்படி? வெள்ளம் திரும்பியா? இல்லை. வயல்களிலிருந்து வழிந்த உரமும் நகரங்களின் சாக்கடையும் வண்டலின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆறு ஊட்டிய கடலைச் சாக்கடை ஊட்டத் தொடங்கியது. இதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

நம் கரைக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரின் வேலை அது. அடுத்த சில வாரங்களில் அதே இனம் பாம்பன், மண்டபம் பக்கம் கடலைப் பச்சைச் சாந்துபோல ஆக்கியது. மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். பெயரில் பூ இருக்கிறது, அது வந்த கரையில் செத்த மீன் கிடந்தது. பூங்கோரை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. பவளமும் அடிபட்டது. கடல் சூடேறுவது, காற்று அடங்குவது, நீரில் சத்து சேர்வது, மூன்றும் கைகோக்கும்போது பூங்கோரை பெருகும். மூன்றில் சத்துதான் நம் கையில் இருக்கிறது.

திண்டுக்கல்லில் பேசும்போது தோல் ஷாப்பைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் களித்துகளில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. கலங்கல் நல்ல தீவனத்தையும் சுமக்கும், நஞ்சையும் சுமக்கும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், திண்டுக்கல் மாவட்டத் தோல் ஆலைகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. கெடுத்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. நிலத்தடி நீர் உப்பாகிப்போன கிணற்றுக்காரர்களின் கண்ணீருக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது.

"குடகனாறே வறண்டு கிடக்கிறதே ஐயா, அதில் கடலுக்கு என்ன போகப்போகிறது?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து மாதம் வறண்ட ஆறு பத்து மாதக் குப்பையைச் சேர்த்து வைக்கிறது. வயல் உப்பும், சாக்கடைச் சேறும், ஆலைக் கழிவும் மணலில் காத்துக்கிடக்கின்றன. ஐப்பசியில் மூன்று நாள் மழை அடித்தால் அத்தனையையும் ஒரே மூச்சில் வாரிக்கொண்டு ஓடுகிறது. வறண்ட ஆற்றின் முதல் வெள்ளம்தான் மிகக் கெட்ட வெள்ளம். ஆகவே ஆற்றை ஐப்பசியில் பார்த்தால் போதாது. சித்திரையில் பார்க்க வேண்டும், மணலில் என்ன கிடக்கிறது என்று.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களோடு. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கினார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டார். வேலை அவ்வளவுதான். தெளிந்த வெப்பமண்டல நடுக்கடலில் அந்தத் தட்டு முப்பது மீட்டருக்கும் கீழே தெரியும். கலங்கிய கரையோரத்தில் சில மீட்டரிலேயே மறைந்துவிடும். 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட் செயற்கைக்கோள் முதல் 2022 நவம்பரில் போன அதன் இளையது வரை, வானத்திலிருந்து கடலின் நிறத்தைப் பார்த்துப் பாசியையும் கலங்கலையும் அளந்து வந்திருக்கின்றன. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் அந்த நிறத்தையும் பார்த்துத்தான் மீன் கிடைக்கும் இடத்தை மீனவர்களுக்குச் சொல்கிறது. இத்தனை பெரிய கருவிகள் வந்த பிறகும் கடலாய்வுக் கப்பல்களில் அந்த வெள்ளைத் தட்டு இன்னும் தொங்குகிறது.

அது உங்களுக்கும் போதும். ஆத்தூர் அணையிலோ உங்கள் ஊர்க் குளத்திலோ, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை தட்டை இறக்குங்கள். தேதி, மழை, ஆழம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் பத்துத் தட்டுகள் வெட்டி, வெள்ளை பூசி, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறோடு கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குப் பின்னால் சாக்குப் பையில் இருக்கின்றன. பள்ளிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முதல் அளவு எழுதப்பட்டுவிட வேண்டும்.